உடைஞ்சுதா, கண்ணு?

மலையடிவாரத்துக் காரவள்ளியில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது 'சாப்ட்டாச்சுங்களா' என்றுதான். லேத்துப் பட்டறை வைத்திருந்த அந்தம்மா மட்டும் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நம் ஜீப் பட்டறை வாசலில் வந்து நின்றால் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "உடைஞ்சுதா, கண்ணு?" என்று கேட்கும். உடைந்துவிட்டது என்றால் முகம் பூத்துவிடும். ஸ்டூலை இழுத்துப் போடும், பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றும், உட்காரு சாமி என்று உபசாரம் வேறு. இல்லீங்க்கா, நல்லா ஓடுது என்றால், "செரி, ஓட்டு" என்று தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடைக்காதவனுக்கு அந்தப் பட்டறையில் டீ கிடையாது.

நான் மேலே மலையில் வாழவந்தி நாட்டுக்காரன். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு, அதில் பாதி வயிறுதான் நிறையும் என்பதால் மீதிக்கு ஒரு ஜீப். கம்பெனி எப்போதோ செய்வதை நிறுத்திவிட்ட சின்ன பெட்ரோல் ஜீப் அது. ராணுவமும் போலீசும் ஓட்டித் தேய்த்து ஏலத்தில் தள்ளிவிட்டதை எங்கள் மலையில் ஏழெட்டுப் பேர் வாங்கி வைத்திருந்தோம். நானும் வாங்கினேன், என்னைப் பார்த்து என் தம்பியும் வாங்கினான். எங்களுக்கு அது பொதி சுமக்கிற கழுதை. பெங்களூரிலும் கொச்சியிலும் அதே வண்டியைப் பெற்ற பிள்ளைக்கு மேலாகக் கொஞ்சுகிற ஆட்கள் இருந்தார்கள். பெரிய பெரிய டயராக மாட்டி, ஞாயிற்றுக்கிழமை சேற்றிலும் பாறையிலும் கொண்டுபோய் முட்டுவார்கள். டயர் பெரிதானால் பின் சக்கரத்தைச் சுற்றுகிற ஆக்சில் தண்டு தாங்காது, ஒடிந்துவிடும். புதிது வாங்கலாம் என்றால் கம்பெனியில் இல்லை. அப்படி இல்லாததைச் செய்து விற்றது அந்தம்மாதான்.

வீட்டுக்காரர் விட்டுப்போன லேத்துப் பட்டறை அது. அவர் இருந்தவரை போர்வெல் லாரிக்கு புஷ் என்கிற இரும்பு வளையம் கடைந்து கொடுத்துப் பிழைத்தார்கள். அந்தம்மா கைக்கு வந்ததும் அதையெல்லாம் நிறுத்திவிட்டது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"போர்வெல் புஷ்ஷு நாமக்கல்லுல தெருவுக்கு ஒருத்தன் கடையறான் கண்ணு. லட்சம் பேரு வாங்கற சாமான்னா பெரிய கம்பெனிக்காரன் செய்வான். பத்துப் பேரு வாங்கறதுன்னா எவனும் செய்யமாட்டான். இந்த ரெண்டுக்கும் நடுவால ஒரு சந்து இருக்குது பாரு, அதுலதான் நான் குடியிருக்கறேன்."

சந்தில் குடியிருக்கிறவர்களுக்கு வாடகை அதிகம். அதைக் கட்டியது யார் என்பதுதான் கதை.

ஆக்சிலைக் கடைந்து முடித்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். கோயமுத்தூர் பக்கம் ஒரு உலையில் கொடுத்து, காய்ச்சிக் கெட்டியாக்கிப் பதம் ஏற்ற வேண்டும். உலைக்காரர் ஒன்றை வைத்தாலும் அதே கூலிதான், உலை நிறைய வைத்தாலும் அதே கூலிதான். அதனால் நிறைய வைத்தால்தான் கட்டுபடியாகும். ஆனால் பதம் தப்பினால் அத்தனையும் பழைய இரும்புக்குத்தான் போகும். பதம் குறைந்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும். கூடினால் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். பெரிய கம்பெனி என்றால் சோதித்துப் பார்க்கத் தனியாக மிஷின் இருக்கும், தனி ரோடு இருக்கும், சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டிப் பார்க்க ஆள் இருக்கும். அந்தம்மாவுக்கு ஏது அதெல்லாம். எழுபது கொண்டை ஊசி வளைவு எதிரே இருந்தது. அதில் தினமும் ஏறி இறங்க நாங்கள் இருந்தோம்.

முதலில் சோதனைக்கு நாலைந்து தண்டை மட்டும் வேறு யாரோ வைக்கிற சாமானோடு சொருகிப் பதம் ஏற்றிக் கொண்டுவரும். அதை எங்கள் வண்டியில் மாட்டிவிடும், சும்மா கொடுக்கிற மாதிரி விலைக்கு. மாட்டுவதற்கு முன் தண்டின் நீளத்துக்கு வெள்ளைப் பெயின்ட்டில் நேராக ஒரு கோடு இழுக்கும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தால் கோடு சுற்றிக்கொண்டு போயிருந்தால் தண்டு முறுங்கியிருக்கிறது என்று அர்த்தம். முறுங்கினதையோ உடைந்ததையோ திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் காசு. நாங்கள் வாங்கின விலையைவிட அதிகக் காசு. ரெண்டு பாதியும் வேண்டும், ஒரு பாதியை மட்டும் கொண்டுபோனால் டீயோடு சரி.

அப்படி வந்ததையெல்லாம் வாசலுக்கு நேரே ஒரு ராக்கையில், இரும்பு அலமாரியில், வரிசையாக நிறுத்தி வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் எந்த வளைவில் போனதோ அந்த நம்பரைச் சிவப்பில் எழுதியிருக்கும். ஆயுத பூஜைக்கு ஊரில் எல்லாரும் மிஷினுக்குப் பொட்டு வைப்பார்கள். அந்தம்மா மிஷினுக்குப் பேருக்கு ஒன்று வைத்துவிட்டு, உடைந்த சாமானுக்கெல்லாம் நிறுத்தி நிதானமாக வைக்கும். இதென்னங்க்கா கூத்து என்று கேட்டதற்கு, "மிஷினு எல்லாத்துக்கிட்டயும் இருக்குது" என்றது.

அது சும்மா சொன்ன பேச்சில்லை. ஒருதடவை பெங்களூர் பையன் ஒருத்தன் குளிர்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். ஆக்சில் ஜோடியின் விலையைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதே டிசைன் அங்க ஒருத்தர் பாதி விலைக்குத் தரார் மேடம். அச்சு அசலா இதே மாதிரி."

"தெரியுமுங்க தம்பி. நாஞ் செய்யறதை வாங்கிட்டுப் போயி அளந்துதான் செய்யறாங்க. தாராளமா அங்கயே வாங்கிக்குங்க. உடைஞ்சா மட்டும் வீசிராதீங்க, இங்க கொண்டாங்க. காசு குடுத்து வாங்கிக்கறேன்."

அந்தம்மா ராக்கையைக் காட்டியது. "அளவைத் திருடலாமுங்க. இதைத் திருட முடியாது. இது இருவத்தொம்பதுல போச்சு. இது அம்பத்தொண்ணுல. இத்தனையும் உடைஞ்சு முடிச்சதுக்கு அப்பறந்தான் உங்களுக்குக் குடுக்கறேன். அவன் இனிமேத்தான் உடைக்கோணும். உங்க வண்டியில உடைப்பான்."

முழு விலையையும் எண்ணி வைத்துவிட்டுப் போனான். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். ஆளுக்கு என்ன வாய்டா சாமி என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இருவத்தொம்பதில் போனது என்னுடையது. அன்றைக்கு வண்டியில் என் பெண்டாட்டியும் ஒரு மூட்டை ராகியும் இருந்ததெல்லாம் அந்தச் சிவப்பு நம்பரில் தெரியாது.

என் தம்பி மேல்தான் அந்தம்மாவுக்கு உயிர். எங்களையெல்லாம் கண்ணு என்றால் அவனை 'என்ற சாமி', என்னுடைய சாமி, என்று கூப்பிடும். மலையிலேயே அதிகம் உடைத்தவன் அவன்தான். முதலில் எனக்கே புரியவில்லை. அவனும் அதே ரோட்டில்தான் ஓட்டுகிறான், அதே பாரம்தான் ஏற்றுகிறான். இவனுக்கு மட்டும் எப்படி மாசாமாசம் கோடு சுற்றிக்கொண்டு போகிறது? பிறகுதான் பார்த்தேன், ஜல்லி ஏற்றினால் வண்டி கொள்ளுகிற அளவைத் தாண்டி ஏற்றுகிறான். ஏண்டா இப்படிச் சாகடிக்கிற என்றால் சிரிப்பான்.

"நல்லா ஓட்டுனா என்னண்ணா கெடைக்குது? உடைஞ்சாத்தான் காசு."

அப்போது அவன் வீடு கட்டிக்கொண்டிருந்தான். தகரம் போட்ட ஒற்றை ரூமை இடித்துவிட்டுச் சுவர் எழுப்பியிருந்தான். உடைந்த சாமானிலேயே ஊடு கட்டறேன் பாரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இதெல்லாம் நல்லதுக்கில்லை என்று எனக்குப் பட்டது. வேண்டுமென்றே உடைக்கிறான் என்று அந்தம்மாவிடமே போய்ச் சொன்னேன்.

"தெரியுமே" என்றது. "பெங்களூர்க்காரனும் வேணும்னுதான உடைக்கறான். தெனம் கோயிலுக்குப் போறவன் வண்டியில மாட்டி நான் என்னத்தைக் கத்துக்கறது?"

அந்த வருசம் ஆடிக்கு முன்னால் புதுத் தண்டு வந்தது. இரும்பும் வேறு, பதமும் வேறு. தம்பியோடு நானும் போயிருந்தேன். வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே அந்தம்மா சொன்னதை என் ரெண்டு காதாலும் கேட்டேன்.

"என்ற சாமி, நல்லாக் கேட்டுக்க. இது போன தடவ மாதிரி முறுங்காது. கோட்டைப் பாத்து முன்னாடியே தெரிஞ்சுக்க முடியாது. போனா டிக்குனு போயிரும், வீலும் கூடவே வந்துரும். வேண்டாம்னா இப்பவே சொல்லீரு, வேற ஆளுக்குக் குடுத்தர்றேன்."

"உடைஞ்சா எவ்வளவுங்க்கா?"

"ரெண்டு பங்கு."

தம்பி மனசுக்குள் அப்போதே வீட்டு மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்துவிட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டான். அந்தம்மா ஏமாற்றிவிட்டது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன், மனசு ஆறியிருக்கும். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு விலையையும் சொன்னது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அவன் வீட்டுக்குத்தான் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு போனான். நாற்பத்தாறாவது வளைவில், மேலே ஏறும்போது, பின்பக்கத்து வலது சக்கரம் உடைந்த தண்டோடு வெளியே வந்துவிட்டது. அந்தச் சக்கரத்துப் பிரேக்கும் அதோடு போயிற்று. சிமெண்ட் பாரம் பின்னால் இழுக்க, வண்டி பின்னோக்கி உருண்டது. குதித்துவிடலாம் என்று காலை வெளியே போட்டிருக்கிறான். ஓரத்துச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டது. சுவர் மட்டும் இல்லையென்றால் கீழே பள்ளத்தில் தேடியிருக்க வேண்டும். நாமக்கல் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ரெண்டாம் நாள் அந்தம்மா வந்தது. ஆப்பிள் ஆரஞ்சு எதுவும் கையில் இல்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவன் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தது. சரி, மனுசத்தன்மை இருக்கிறது என்று நினைத்தேன்.

"என்ன கியரு சாமி?"

"மொதக் கியருங்க்கா."

"சும்மா ஏறறப்பவே போச்சா, இல்ல நீ ஏதாச்சும் பண்ணுனயா?"

தம்பி என்னைப் பார்த்தான், அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கஞ்சி டம்ளரோடு நின்றிருந்தாள். "வளைவுல ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுட்டு, கிளச்சைப் படக்குன்னு விட்டேனுங்க்கா" என்றான். அவள் டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

"சத்தம் எப்படி? இழுத்துட்டு வந்துச்சா, டிக்குனா?"

"டிக்குனுதாங்க்கா. முன்னாடி ஒண்ணுமே தெரியல. நீங்க சொன்ன மாதிரியேதான்." கால் போனவன், மயக்க மருந்து முழுசாகத் தெளியாதவன், பரீட்சையில் பாஸானவன் முகத்தோடு சொன்னான். எனக்கு அவனையும் அறைய வேண்டும் போல் இருந்தது.

"மத்த பாதி எங்க?"

"வண்டிக்குள்ளயே மாட்டியிருக்குதுங்க்கா."

அந்தம்மா எழுந்து இடுப்பிலிருந்த பணத்தை எடுத்து அவன் தலையணைக்கு அடியில் வைத்தது. பேசினபடி ரெண்டு பங்கு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏனுங்க்கா, காலு போயிருக்குது. அதுக்கு என்னங்க ரேட்டு?"

என்னைத் திரும்பிப் பார்த்தது. கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. கணக்குத் தப்பாகச் சொன்னவனைப் பார்க்கிற பார்வை. "காலுக்கு நான் ரேட்டே பேசலியே சாமி. ஆக்சிலுக்குத்தான பேசுனேன்."

மறுநாளே மலையேறி, வண்டிக்குள் இருந்த பாதியைக் கழற்ற வைத்தது. வண்டியை எடுக்க நானும் போயிருந்தேன். சுவரில் காய்ந்த ரத்தம் இருந்தது. அந்தம்மா அதற்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, தண்டின் உடைந்த முனையை முந்தானையால் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல் மணிமணியாக மின்னியது இரும்பு.

"பாரு கண்ணு, மணிமணியா இருக்குது. பதம் ஒரு பிடி கூடிப் போச்சு. அவ்வளவுதான்" என்றது. அதன் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் பார்த்தேன். அதை மறைக்கக்கூட அந்தம்மாவுக்குத் தோன்றவில்லை.

பதத்தை ஒரு பிடி குறைத்து உலை நிறைய ஏற்றியது. அந்தத் தண்டு உடையவே இல்லை. பெங்களூர், கொச்சி, அசாம் பக்கம்கூடப் போனது. விலையையும் ஏற்றியது, யாரும் முனகவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தம்பியைப் பட்டறைக்கு வேலைக்குக் கூப்பிட்டது. போன் எடுக்க, பார்சல் கட்ட. நல்ல சம்பளம்தான், வீட்டை அதில்தான் முடித்தான். ஆனால் அவன் நாற்காலியை ராக்கைக்குப் பக்கத்தில் போட்டிருந்தது. வெளியூர் வண்டி வந்து நின்றால் உள்ளேயிருந்து குரல் வரும்: "காலை நீட்டி உக்காரு, சாமி." இவன் நீட்டுவான். வருகிறவர்கள் காலைப் பார்ப்பார்கள், பிறகு நாற்பத்தாறு என்று எழுதின ரெண்டு துண்டையும் பார்ப்பார்கள். இவனே கதையைச் சொல்வான், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பான். அதற்குமேல் யாரும் பேரம் பேசியதில்லை. அந்த வருச ஆயுத பூஜைக்கு நாற்பத்தாறுக்குத்தான் பெரிய மாலை. மாலைக்குக் கீழே உட்கார்ந்து என் தம்பி பொரி தின்றுகொண்டிருந்தான். வெட்கம் கெட்டவனே, எழுந்து வாடா என்றேன். "போண்ணா, இங்க என்னைய ஆளா மதிக்கறாங்க" என்றான்.

அந்தப் பட்டறைப் படியை மிதிக்கமாட்டேன் என்றிருந்தேன். ஆனால் ஜீப்பில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வேலை கிடைத்தது. என் வண்டியில் இருந்த பழைய தண்டில் கோடு சுற்றத் தொடங்கியிருந்தது. வேறு எங்கே போனாலும் எவனோ தேய்த்துப் போட்ட பழசுதான். தம்பிதான் சொன்னான்: "அதையே மாட்டுண்ணா. அது என்ற காலுல செஞ்சது. உடையாது."

போனேன். பட்டணத்து விலையையே சொன்னது. தம்பி கால் அந்த ராக்கையில் நிற்கிறது, எனக்குமா இந்த விலை என்றேன்.

"கொறைச்சுக் குடுத்தா அது உடைச்சுப் பாக்கற சாமான்னு அர்த்தம், கண்ணு. உனக்கே தெரியும். முழுசாக் குடு, கொழந்தைகளை ஏத்திட்டு நிம்மதியாப் போ."

குடுத்தேன். கோடு இழுக்காமலே மாட்டிவிட்டது. இதற்குக் கோடு வேண்டாம் என்றது.

போன மாசி மாதம் அந்தம்மா படுத்துவிட்டது. ஈரலில் ஏதோ. டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருதரம் வந்து பாருண்ணா என்று தம்பி உயிரை எடுத்தான். எனக்குப் பார்க்கிற ஆசை இல்லை, ஆனால் ஒரு வேலை இருந்தது. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. பாதி ஆளாகக் கிடந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது.

"உடைஞ்சுதா, கண்ணு?"

அதற்குத்தான் போயிருந்தேன். "உடைஞ்சிருச்சுங்க்கா" என்றேன். "உடையவே உடையாதுன்னு குடுத்தீங்களே, அது. நாப்பத்தாறுலயே."

அந்த முகம் பூக்கிறதா சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ரெண்டும் இல்லை. என் கையைப் பார்த்தது, கை வெறுமையாக இருந்தது. என் காலைப் பார்த்தது. பிறகு வறண்ட உதட்டோடு சிரித்தது.

"அது உடைஞ்சிருந்தா நீ வந்து சொல்லமாட்ட, சாமி. உன்னையத்தான் யாராச்சும் கொண்டாந்திருப்பாங்க."

அந்தம்மாவின் மருமகள் உள்ளேயிருந்து எனக்கு ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்தது. அந்தம்மா கையைத் தூக்க முடியாமல் விரலை மட்டும் ஆட்டியது. "அவனுக்கு எதுக்கு? அவன் ஒண்ணும் கொண்டாரல." அந்தப் பெண் எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் டம்ளரோடு நின்றது, பிறகு திரும்பிப் போய்விட்டது. நாலு நாளில் அந்தம்மா செத்துப்போன செய்தி வந்தது.

அன்றைக்கு நான் மலையேறினபோது வண்டியில் பிள்ளைகள் யாரும் இல்லை. நாற்பத்தாறு வந்தது. தம்பி வண்டி இடித்த சுவரில் பூசின சிமெண்ட் இன்னும் தனி நிறமாகத் தெரிந்தது. உடையாது என்ற அந்தம்மா வாயை ஒருதரமாவது பொய்யாக்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. செத்தாலும் சரி என்றுதான் இருந்தது. முதல் கியரில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து, கிளச்சைப் படக்கென்று விட்டேன்.

வண்டி ஒரு குதி குதித்தது. பின் டயர் ரெண்டும் தாரில் தேய்ந்து புகைந்தது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி நாற்பத்தேழுக்கு ஏறிப் போனது.